மின்புலம் நரம்பைத் தூண்டுவது எவ்வாறு?

மின்கம்பியைத் தவறிப் பற்றிய ஒருவன் அதை விட விரும்பியும் விட இயலாமல் தவிக்கிறான். பிறவியிலேயே செவிப்புலன் அற்ற ஒரு குழந்தை, உட்செவியில் பதிக்கப்பட்ட நுண்ணிய மின்முனைகளின் துணையால் வகுப்பில் ஆசிரியரின் குரலைக் கேட்கிறது. பக்கவாதத்தால் பாதம் தொங்கிப்போன ஒருவரின் முழங்காலுக்குக் கீழே கட்டப்பட்ட சிறு கருவி, அவர் அடி எடுத்துவைக்கும் ஒவ்வொரு முறையும் அப்பாதத்தை நிமிர்த்திவிடுகிறது. இம்மூன்று நிகழ்ச்சிகளும் ஒன்றற்கொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றலாம். ஆயினும் மூன்றிலும் நிகழ்வது ஒன்றே: உடலுக்குள் தோன்றிய மின்புலம் நரம்பிழையைத் தூண்டுகிறது.

அம்மின்புலத்தின் எந்தப் பண்பு நரம்பைத் தூண்டுகிறது என்பதே கேள்வி. புலம் வலிமையாக இருந்தால் நரம்பு தூண்டப்படும் என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் முழு உண்மையன்று. நீண்டு நேராகச் செல்லும் இழை ஒன்று, எங்கும் ஒரே அளவான வலிய புலத்தில் கிடந்தும் இடைப்பகுதியில் தூண்டப்படாமல் இருக்கக்கூடும். வலுக்குறைந்த புலம் ஒன்று, இழையின் வழியே விரைவாக மாறுபடுமாயின், அதனை எளிதில் தூண்டிவிடும். இவ்வுண்மையைத் தெளிவுபடுத்தியவை நரம்பின் கணித மாதிரிகள். மாதிரி என்பது இங்கு மண்ணாலோ மரத்தாலோ செய்த உருவமன்று. நரம்பிழையின் நடத்தையை எண்களால் கூறும் சமன்பாடுகளின் தொகுதியாகும்.

நரம்பிழையின் அமைப்பு

நரம்பிழை என்பது நரம்பு உயிரணுவிலிருந்து நீளும் மெல்லிய குழாய். அதன் உள்ளேயும் வெளியேயும் உப்புக் கரைசல்கள் உள்ளன. இரண்டையும் மிக மெல்லிய சவ்வு ஒன்று பிரிக்கிறது. உள்ளே பொட்டாசியம் அயனிகள் மிகுதி. வெளியே சோடியம் அயனிகள் மிகுதி. ஓய்வு நிலையில் சவ்வின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும்.

இந்த வேறுபாடு ஏதேனும் ஒரு காரணத்தால் 15 முதல் 20 மில்லிவோல்ட் வரை குறையுமானால், சவ்விலுள்ள சோடியம் வழிகள் திடீரெனத் திறந்துகொள்ளுகின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. உட்புறம் சிறிது நேரம் நேர்மின் நிலையை அடைகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. ஏறத்தாழ 1 மில்லிசெகண்டுக்குள் முடியும் இம்மாற்றமே நரம்புத் துடிப்பு. குறிப்பிட்ட எல்லையை எட்டாத தூண்டலுக்குத் துடிப்பு எழுவதில்லை. எட்டிவிட்டால் முழுத் துடிப்பு எழுந்து இழை நெடுகிலும் பரவும். பாதித் துடிப்பு என்பது இல்லை.

விரைவாகச் செய்தி கடத்தும் இழைகளின் மேல் மையலின் என்னும் கொழுப்புறை சுற்றப்பட்டிருக்கும். அவ்வுறை இடையிடையே விட்டுப்போயிருக்கும் இடங்களுக்கு ரான்வியர் கணுக்கள் என்று பெயர். கரும்பின் கணுக்களைப் போல இவை ஒழுங்கான இடைவெளியில் அமைந்துள்ளன. இடைவெளி இழையின் பருமனைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு. 10 மைக்ரான் பருமனுள்ள இழையில் கணுவுக்குக் கணு 1 மில்லிமீட்டர் தொலைவு இருக்கும். சவ்வின் மின் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இக்கணுக்களிலேயே நடைபெறுகின்றன.

தந்தி வடத்திலிருந்து நரம்புக்கு

இத்தாலியில் பொலோஞா நகரத்துக் கால்வானி, தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டு 1791-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளையின் நரம்பில் துடிப்பு செல்லும் வேகத்தை அளந்து, அது செகண்டுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் என்று காட்டினார். செம்புக் கம்பியில் செல்லும் மின்செய்தியின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆகவே நரம்பை வெறும் கம்பி என்று கொள்ளுதல் பொருந்தாது என்பது விளங்கிற்று.

கணித மாதிரிக்கான முதல் வித்து நரம்பாராய்ச்சியிலிருந்து வரவில்லை. கடலடித் தந்தி வடத்திலிருந்து வந்தது. அட்லாண்டிக் கடலினூடே வடம் இட முயன்ற காலத்தில், செய்தி நெடுந்தொலைவில் மழுங்கிப்போவது ஏன் என்பதை ஆராய்ந்த வில்லியம் தாம்ஸன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர், 1855-இல் வடச் சமன்பாட்டை அமைத்தார். நடுவே மின்கடத்தி, சுற்றிலும் சிறிது கசியும் உறை, வெளியே கடல்நீர் என்னும் அமைப்பு நரம்பிழைக்கும் பொருந்துவதாயிற்று. நரம்பில் உட்கரைசல் கடத்தியாகவும், சவ்வு கசியும் உறையாகவும், உடற்பாய்மம் கடல்நீராகவும் நிற்கின்றன.

வடச் சமன்பாடு செய்தி மழுங்குவதைக் கூறும். துடிப்பு மழுங்காமல் ஓடுவதைக் கூறாது. அக்குறையை 1952-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகிய ஆங்கில விஞ்ஞானிகள் இருவர் நீக்கினர். ஊசிக்கணவாயின் பெரு நரம்பிழை அரை மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட பருமன் உடையதாதலின் அதனுள் மின்முனையைச் செலுத்த முடிந்தது. சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் ஓட்டங்களைத் தனித்தனியே அளந்து, அவற்றைச் சமன்பாடுகளாக அவர்கள் வகுத்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறி அப்போது மாற்றியமைக்கப்பட்டுக்கொண்டிருந்தமையால், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கிடும் இயந்திரத்தைக் கொண்டே பல நாட்கள் கணக்கிட்டார். துடிப்பின் வேகம் செகண்டுக்கு 18.8 மீட்டர் என்று கணக்கு கூறிற்று. சோதனையில் அளந்தது 21.2 மீட்டர். சவ்வின் ஒரு சிறு பகுதியில் அளந்த எண்களிலிருந்து முழு இழையின் வேகத்தை இவ்வளவு நெருக்கமாகக் கணித்தது பெருஞ் சாதனை. 1963-இல் இவர்கள் எக்கிள்ஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இழைக்கு வெளியே வைத்த மின்முனையால் தூண்டுவதை மையலின் உறையுள்ள இழைக்குக் கணக்கிட்டுக் காட்டியவர் அமெரிக்காவின் மக்னீல், ஆண்டு 1976. வியன்னாவின் ராட்டே 1986-இல், தூண்டலைத் தீர்மானிக்கும் கணியத்தைத் தனியே பிரித்துக் காட்டினார். அக்கணியம் தூண்டற் சார்பு எனப்படுகிறது.

வாய்க்காலின் வாட்டம்

தூண்டற் சார்பின் பொருளை ஒரு பாசன வாய்க்காலைக் கொண்டு விளக்கலாம். வாய்க்கால் ஒரே சீரான வாட்டத்துடன் இறங்குமானால், வாட்டம் எவ்வளவு மிகுதியாயினும், ஓரிடத்துக்கு வந்த நீர் அவ்விடத்தைவிட்டு அப்படியே போய்விடும், எங்கும் தேங்காது. வாட்டம் மாறும் இடத்திலேதான் நீர் தேங்கும். நடுவில் ஒரு பள்ளம் இருந்தால் இருபுறத்து நீரும் அங்கே வந்து சேர்ந்து, கரையைத் தாண்டி வெளியே வழியும்.

நரம்பிழையின் உட்புறமே அவ்வாய்க்கால், சவ்வே கரை. எதிர்மின்வாயை இழையின் அருகே வைத்தால், அதற்கு எதிரேயுள்ள இடத்தில் மின்னழுத்தத்தில் ஒரு பள்ளம் உண்டாகிறது. இழையினுள் இருபுறமிருந்தும் மின்னோட்டம் அப்பள்ளத்தை நோக்கி வந்து, சவ்வின் வழியே வெளியேறுகிறது. வெளியேறும் மின்னோட்டம் சவ்வின் அழுத்த வேறுபாட்டைக் குறைத்துத் துடிப்பை எழுப்புகிறது. ஆகவே தூண்டுவது புலத்தின் வலிமையன்று. இழையின் திசையில் அப்புலம் மாறும் வீதமே. சீரான புலத்தில் கிடக்கும் இழையும், அதன் முனையிலோ வளைவிலோ தூண்டப்படலாம் என்பதற்கும் காரணம் இதுவே. அங்கே வாய்க்கால் முடிகிறது, அல்லது திசை மாறுகிறது.

எண்களால் ஒரு பயிற்சி

உயர்நிலை வகுப்பு மாணவரும் இதனைக் கணக்கிட்டுக் காணலாம். இழையிலிருந்து 1 மில்லிமீட்டர் தொலைவில், ஒரு கணுவுக்கு நேர் எதிரே, ஊசிமுனை போன்ற எதிர்மின்வாய் இருப்பதாகக் கொள்க. மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர். திசுவின் மின்தடைத் திறன் 3 ஓம்-மீட்டர். ஓரிடத்தின் மின்னழுத்தத்தைக் காண, மின்னோட்டத்தைத் தடைத்திறனால் பெருக்கி, அவ்விடத்தின் தொலைவை 4-ஆலும் 3.14-ஆலும் பெருக்கிவந்த தொகையால் வகுக்க வேண்டும்.

கணுக்களின் இடைவெளி 1 மில்லிமீட்டர் என்றால், நேர் எதிரேயுள்ள கணுவில் மின்னழுத்தம் −239 மில்லிவோல்ட். அதற்கு இருபுறமும் அடுத்தடுத்த கணுக்களில் முறையே −169, −107, −76 மில்லிவோல்ட். இனி, ஒரு கணுவின் இருபுறக் கணுக்களின் அழுத்தங்களைக் கூட்டி, அதிலிருந்து அக்கணுவின் அழுத்தத்தைப்போல் இருமடங்கைக் கழிக்க. கிடைப்பதே தூண்டற் சார்பின் அளவு. நடுக்கணுவில் அது +140. அடுத்த கணுவில் −8. அதற்கடுத்த கணுவில் −31. நேர்க்குறியுள்ள இடம் தூண்டப்படும். எதிர்க்குறியுள்ள இடம் அடக்கப்படும்.

இந்தச் சில எண்களிலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, மின்வாயை நேர்மின்வாயாக மாற்றினால் குறிகள் யாவும் தலைகீழாகும். நடுக்கணு அடக்கப்பட்டு, தள்ளியுள்ள கணு +31 என்னும் அளவில் தூண்டப்படும். ஆதலின் நேர்மின்வாயால் தூண்டுவதற்கு நாலைந்து மடங்கு மின்னோட்டம் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலமாகக் கண்டுவந்த உண்மைக்கு இது விளக்கம்.

இரண்டாவது, மின்வாயை 1 மில்லிமீட்டரிலிருந்து 10 மில்லிமீட்டர் தொலைவுக்கு நகர்த்தினால், நடுக்கணுவின் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். தூண்டற் சார்போ 140-லிருந்து 0.24-ஆக, ஏறத்தாழ 600-இல் ஒரு பங்காக, வீழ்ந்துவிடும். மருத்துவர் மின்முனையைப் பொருத்தும்போது ஒரு மில்லிமீட்டரையும் பொருட்படுத்துவது இதனாலேயே.

மூன்றாவது, பருமனான இழைகளே முதலில் தூண்டப்படும். 20 மைக்ரான் இழையில் கணுக்களின் இடைவெளி 2 மில்லிமீட்டராதலின், நடுக்கணுவில் தூண்டற் சார்பு 264. 10 மைக்ரான் இழையில் 140. 5 மைக்ரான் இழையில் 50. உடல் தன் இயல்பில் தசையை இயக்கும்போது சிறிய, எளிதில் சோர்வடையாத தசைக்கூறுகளை முதலிலும், பெரியவற்றைத் தேவைக்கேற்பப் பின்னரும் அழைக்கிறது. வெளியிலிருந்து வரும் மின்சாரம் இவ்வரிசையைப் புரட்டிவிடுகிறது. மின்தூண்டலால் இயங்கும் தசை விரைவில் களைத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நான்காவது, சீரான வாட்டத்தில் தூண்டல் இல்லை. மின்னழுத்தங்கள் 5, 10, 15, 20 என்று ஒரே சீராக ஏறினால், மேற்சொன்ன கணக்கின்படி இடையிலுள்ள ஒவ்வொரு கணுவிலும் விடை சுழியே.

தூண்டற் சார்பு சவ்வில் ஏற்படும் மாற்றத்தின் முழு அளவன்று. அம்மாற்றத்தைத் தொடங்கிவைக்கும் உந்தலின் அளவே என்பதை மறத்தலாகாது. மாற்றம் எவ்வளவு வளரும் என்பது மின்னோட்டம் நீடிக்கும் காலத்தையும் பொறுத்தது.

காலத்தின் பங்கு

சவ்வு ஒரு மின்தேக்கியைப் போன்றது. அது நிரம்பச் சிறிது நேரம் வேண்டும். பிரான்சின் வைஸ் 1901-இல் இதற்கு எளிய விதி ஒன்றைக் கண்டார். எவ்வளவு நேரம் செலுத்தினும் தூண்டுவதற்குக் குறைந்தது இவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்னும் அடிப்படை அளவு ஒன்று உண்டு. அது ரியோபேஸ் எனப்படும். அதைப்போல் இருமடங்கு மின்னோட்டம் எவ்வளவு நேரத்தில் தூண்டுமோ அந்நேரம் குரோனாக்ஸி. இவ்விரு பெயர்களையும் வழங்கியவர் லாபிக். மையலின் உறையுள்ள நரம்பிழைகளுக்குக் குரோனாக்ஸி ஒரு மில்லிசெகண்டிலும் குறைவு. தசைநார்களுக்கு அதனினும் பன்மடங்கு மிகுதி.

குரோனாக்ஸியை 0.2 மில்லிசெகண்டு எனக் கொண்டால், 10 மில்லிசெகண்டு நீடிக்கும் துடிப்புக்கு ரியோபேஸைப்போல் 1.02 மடங்கு மின்னோட்டமே போதும். வீட்டு மின்சாரம் செகண்டுக்கு 50 முறை மாறுவது; அதன் ஒவ்வோர் அரையலையும் 10 மில்லிசெகண்டு நீடிக்கிறது. ஆகவே நரம்பைத் தூண்டுவதற்கு அது மிகவும் ஏற்றதாய் அமைந்துவிட்டது. ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டமே பலருக்குக் கையை விடுவிக்க முடியாத நிலையை உண்டாக்கவல்லது. விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலியன. அந்நிலையில் உள்ளவனின் மனவுறுதியால் பயனில்லை. அவன் நரம்புகள் அவன் வசத்தில் இல்லை. அருகிலிருப்போர் அவனைத் தொடாமல் முதலில் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று களப்பணியாளர் ஊர்தோறும் கூறிவரும் அறிவுரைக்கு அடிப்படை இதுவே.

அறுவைச் சிகிச்சையில் திசுவை வெட்டப் பயன்படும் மின்சாரம் செகண்டுக்குச் சில இலட்சம் முறை மாறுவது. அதன் அரையலை 1 மைக்ரோசெகண்டு என்றால், வைஸ் விதிப்படி 201 மடங்கு மின்னோட்டம் வேண்டும். அடுத்துவரும் எதிர்த்திசை அலை முன்னதன் விளைவை அழித்துவிடுவதால் உண்மையில் இன்னும் மிகுதி தேவைப்படும். ஆகவே அது திசுவைச் சூடாக்கி வெட்டுகிறது. நரம்பைப் பெரும்பாலும் தூண்டுவதில்லை.

செவியும் பாதமும்

காக்ளியர் இம்பிளாண்ட் என வழங்கும் உட்செவிக் கருவியில் இக்கணக்குகள் நேரடியாகப் பயன்படுகின்றன. செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் முயற்சி 1957-இல் பாரிஸில் நடைபெற்றது. பல மின்முனைகள் கொண்ட கருவி 1978-இல் மெல்போர்னில் பொருத்தப்பட்டது. இந்தியாவில் மத்திய அரசின் உதவிக் கருவித் திட்டத்தின் கீழும் தகுதியுள்ள குழந்தைகளுக்கு இக்கருவி பொருத்தப்படுகிறது. நலமுள்ள செவி நரம்பில் ஏறத்தாழ 30,000 இழைகள் உள்ளன. கருவியிலுள்ள மின்முனைகளோ பெரும்பாலும் 12 முதல் 22 வரை. உட்செவியின் பாய்மம் மின்சாரத்தை நன்கு கடத்துவது. ஆகையால் ஒரு மின்முனையின் மின்னோட்டம் அடுத்த மின்முனைக்குரிய இழைகளையும் தூண்டிவிடுகிறது. அண்டை மின்முனைகளில் எதிர்க்குறி மின்னோட்டத்தைச் செலுத்திப் பள்ளத்தை ஒடுக்கலாம் என்று மாதிரி கூறுகிறது; அப்போது தூண்டுவதற்கு மிகுதியான மின்னோட்டம் தேவைப்படும் என்பதையும் அதுவே கூறுகிறது.

ஆசிரியர்க்கு இதில் ஒரு செய்தி உண்டு. இக்கருவி அணிந்த குழந்தை அமைதியான அறையில் பேச்சை நன்கு பின்பற்றியும், இரைச்சல் நிறைந்த வகுப்பில் தடுமாறுவது கவனக்குறைவால் அன்று. அண்டை இழைகளின் செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது அதற்கு ஒரு பெருங்காரணம். அக்குழந்தையை முன்வரிசையில் அமர்த்துவதும், முகம் தெரியும்படி நின்று பேசுவதும், இரைச்சலைக் குறைப்பதும் சலுகைகள் அல்ல. கருவியின் குறையை ஈடுசெய்யும் வழிகள்.

பாதத் தொங்கலுக்கான தூண்டு கருவியை 1961-இல் அமெரிக்காவில் லிபர்ஸனும் அவர்தம் துணைவர்களும் விளக்கினர். குதிகால் தரையைவிட்டு எழும்போது, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக எலும்பையொட்டிச் செல்லும் நரம்பை அது தூண்டுகிறது. அவ்விடத்தில் நரம்பு தோலுக்கு மிக அருகில் உள்ளது. தொலைவு பற்றிய மேற்சொன்ன கணக்கு இங்கே துணைசெய்கிறது.

களப்பணியாளர் இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். பக்கவாதத்தில் பழுதுற்றது மூளை. காலின் நரம்பிழை உயிரோடிருக்கிறது, எனவே தூண்டலுக்கு இணங்கும். தொழுநோயாலும் பாதம் தொங்கும். ஆனால் அங்கே பழுதுறுவது அந்த நரம்பே. இழைகள் அழிந்துவிட்டால் தூண்டுவதற்கு எதுவும் எஞ்சியிராது. தசையை நேரே தூண்டலாம் எனின், அதன் குரோனாக்ஸி மிகப் பெரிது. அதற்கு மிக நீண்ட துடிப்புகள் வேண்டும், பக்கவாதத்துக்குரிய கருவி அதற்குப் பயன்படாது. தோற்றத்தால் ஒன்றுபோலிருக்கும் இரண்டு பாதங்களுக்கு ஒரே கருவியைப் பரிந்துரைத்தல் தவறு. தொழுநோயாளியின் பாதம் வலுக்குறையத் தொடங்கியதும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் அனுப்புவதே அவருக்குச் செய்யும் உதவி. தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் நரம்பு மீள வாய்ப்புண்டு.

மாதிரியின் எல்லை

இக்காலத்தில் உடலின் படங்களிலிருந்து எலும்பு, கொழுப்பு, தசை முதலியவற்றின் வடிவத்தைப் பெற்று, அவற்றினூடே பரவும் மின்புலத்தைக் கணிப்பொறியால் கணக்கிட்டு, அப்புலத்தில் கிடக்கும் இழைகளின் நடத்தையையும் காண்கின்றனர். கருவியைச் செய்வதற்கு முன்னரே அதன் குறைகளை அறிய இது உதவுகிறது. ஆயினும் மேலே பயிற்சியில் கொண்டதுபோல் திசு எங்கும் ஒரே தன்மையதாய் இருப்பதில்லை. நரம்புக் கட்டைச் சுற்றியுள்ள உறை மின்சாரத்தை எளிதில் விடாது; இழைகள் வளைந்து செல்கின்றன; ஆளுக்கு ஆள் அமைப்பு வேறுபடுகிறது. ஆதலின் மாதிரி காட்டும் அளவைத் தொடக்கமாகக் கொண்டு, ஒவ்வொருவருக்கும் தூண்டல் எல்லையை அளந்தே கருவியைச் சரிப்படுத்துகின்றனர்.

பள்ளியில் இப்பாடத்தை விளக்க மின்சாரத்தை உடலில் செலுத்தும் எச்சோதனையும் செய்யலாகாது. கரும்பலகையில் ஒரு கோடும், அதில் ஏழு கணுக்களும், அருகே ஒரு புள்ளியும் போதும். மாணவர் புள்ளியை நகர்த்தி நகர்த்தி மின்னழுத்தங்களைக் கணக்கிட்டு, எந்தக் கணு தூண்டப்படும், எது அடக்கப்படும் என்பதைத் தாமே கண்டறியலாம். கணுக்களின் இடைவெளியை மாற்றினால், பருமனான இழை முந்திக்கொள்வதும் அவர்களுக்குப் புலனாகும்.